இம்பீச்மென்ட் ஆனால் பதவி போய்விடுமா?

கே: டிரம்பை இரண்டு முறை 'இம்பீச்மென்ட்' செய்தார்களே, ஒரு முறைகூடப் பதவி பறிபோகவில்லையே, ஏன்?

ப: இம்பீச்மென்ட் என்றால் குற்றம் சாட்டுவது, அவ்வளவுதான். குற்றம் சாட்டுவது பிரதிநிதிகள் சபை. விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது செனட். அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால்தான் பதவி போகும். 1868-ல் அமெரிக்க அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே ஓட்டில் பிழைத்தார். கிளின்டனும் டிரம்பும் அதே செனட்டில்தான் தப்பினார்கள்.

கே: நிக்சன் தப்பவில்லையே?

ப: அவர் 1974-ல் சபை ஓட்டெடுப்புக்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டார்!

கே: இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

ப: லத்தீனில் 'பெடிகா' என்றால் கால்விலங்கு. அதிலிருந்து பிறந்த சொல் பிரெஞ்சில் 'தடுப்பது' என்றாகி, ஆங்கிலத்தில் குற்றம் சாட்டுவதாக மாறியது. 1376-ல் இங்கிலாந்தின் காமன்ஸ் சபை, அரசவையில் செல்வாக்கோடு இருந்த லாட்டிமர் பிரபு மீது ஊழல் குற்றம் சாட்டியது. விசாரித்தது பிரபுக்கள் சபை. மன்னரைத் தொட முடியாத காலத்தில் அவருடைய ஆட்களையாவது கூண்டில் நிறுத்த மக்கள் பிரதிநிதிகள் கண்டுபிடித்த வழி இது. அதனால்தான் இந்தச் சொல் மீது எனக்குத் தனி மரியாதை.

கே: நம் நாட்டோடு இதற்குத் தொடர்பு உண்டா?

ப: பெரிய தொடர்பே உண்டு. சென்னைக் கவுன்சிலிலும் இருந்து, பிறகு வங்காளத்தில் கவர்னர் ஜெனரலான வாரன் ஹேஸ்டிங்ஸ், 1785-லேயே பதவியை விட்டு லண்டன் போய்விட்டார். ஆனாலும் 1788-ல் வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் பிரபுக்கள் முன் மண்டியிட வேண்டி வந்தது. அயோத்தி பேகம்களிடம் பணம் பிடுங்கியது உட்படக் குற்றங்களை அடுக்கி, காமன்ஸ் சபை சார்பில் அதன் உறுப்பினர் எட்மண்ட் பர்க் நான்கு நாள் பேசினார். ஏழு ஆண்டு இழுத்து 1795-ல் விடுதலை. பறிக்கப் பதவியே இல்லாதவர் மீதும் இம்பீச்மென்ட் வந்தது, கவனியுங்கள். வங்காளத்திலும் அயோத்தியிலும் நடந்த அநியாயத்துக்கு லண்டனில் கணக்குக் கேட்டார்களே, தீர்ப்பைவிட எனக்கு அதுதான் பெரிது.

கே: நீதிபதிகளை இம்பீச்மென்ட் செய்யலாமா?

ப: நம் அரசியல் சட்டம் குடியரசுத் தலைவருக்குத்தான் இந்தச் சொல்லை வைத்திருக்கிறது (61-வது பிரிவு). இதுவரை எவர் மீதும் பாய்ந்ததில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு 124-வது பிரிவு சொல்வது 'பதவி நீக்கம்'. 1993-ல் நீதிபதி வி. ராமசாமி மீது மக்களவைக்கு வந்து தோற்றதும் அதுதான். இம்பீச்மென்ட் என்று எழுதியது பத்திரிகைகள்.