சத்தம் இல்லாத ஊரில் சத்தமடக்கி

ஹானோவர்,
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள அக்காவுக்கு,

"சின்னவனுக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு, எது நல்லதுன்னு சொல்லு" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். ஹெட்போன் செய்கிற ஊரிலேயே குடியிருக்கிறான், அவனுக்குத் தெரியாதா என்று அத்தான் எடுத்துக் கொடுத்திருப்பார். உன் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போனபோது "அவனுக்கு என்ன தெரியும்" என்று என்னைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டுப் போன குடும்பம், இப்போது யோசனை கேட்கிறது. விடுவேனா? நீளமாகத்தான் எழுதுவேன்.

அத்தான் சொன்னது சரிதான். எங்கள் ஊருக்கு வடக்கே வெடமார்க் என்ற இடத்தில், ஒரு பண்ணை வீட்டில்தான் 1945-இல் ஃப்ரிட்ஸ் சென்ஹைசர் பட்டறை போட்டார். முதலில் செய்தது வோல்ட்மீட்டர். பிறகு மைக், பிறகு 1968-இல் மஞ்சள் பஞ்சு வைத்த ஹெட்போன். கிராமபோன் தட்டைக் கண்டுபிடித்த எமில் பெர்லினர் பிறந்ததும் ஹானோவரில்தான். அவர் 1898-இல் தொடங்கிய கம்பெனிதான் டாய்ச்சே கிராமோஃபோன். 1982-இல் பாட்டு சி.டி.க்களை முதன்முதலாக விற்பனைக்கு அச்சடித்ததும் பக்கத்து லாங்கன்ஹாகனில். உலகத்துக்கெல்லாம் பாட்டைத் தட்டில் போட்டு அனுப்பிய ஊர் அக்கா. தான் மட்டும் வாயைத் திறக்காது.

இந்த ஞாயிற்றுக்கிழமை விதியை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. ஞாயிறன்று குடியிருப்புப் பகுதியில் புல்வெட்டும் மிஷின் ஓட்டக் கூடாது, அது நாட்டுச் சட்டம். சுவரில் துளை போடக் கூடாது. காலிப் பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போடக் கூடாது, உடைகிற சத்தம் கேட்குமாம். தினமும் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அமைதி. எங்கள் கட்டடத்து விதிமுறையில் போனஸாக மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரையும் அமைதி. பாட்டு கேட்கலாம், ஆனால் அது உன் அறைச் சுவரைத் தாண்டக் கூடாது. ஆகவே இங்கே குடித்தனம் பண்ணுவதற்கு அடுப்புக்கு அடுத்தபடி ஹெட்போன் வேண்டும்.

நானும் காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சட்டத்துக்குக் கட்டுப்பட்டவனாக ஒரு ஞாயிறு நாகஸ்வரக் கச்சேரி கேட்டேன். மறுநாள் கதவில் ஒரு சீட்டு. கீழ்வீட்டு அம்மாள், அச்சடித்த மாதிரி கையெழுத்து. 'மதிப்புக்குரிய அண்டைவீட்டாரே, நீங்கள் கேட்கும் இசை எங்களுக்குச் சிறிதும் கேட்கவில்லை. அதற்கு நன்றி. உங்கள் வலது குதிகால் கேட்கிறது.' தவில் தனி ஆவர்த்தனத்தில் யாருடைய குதிகால் சும்மா இருக்கும்? வலது என்று எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை. கம்பளம் வாங்கிப் போட்டேன். கம்பளத்தின் மேல் தலையணை வைத்தேன். அடுத்த வாரம் இன்னொரு சீட்டு: 'குதிகால் நின்றுவிட்டது, நன்றி. இப்போது யாரோ பாடுகிறார்கள்.'

காதை அடைத்திருக்கும்போது தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று தனக்கே தெரியாது. வாய்க்குள் முனகுகிறேன் என்று நான் நினைத்தது, கட்டடம் பூராவும் கல்யாணி ராகமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பக்கவாத்தியம் எல்லாம் என் காதில், பாட்டு மட்டும் அவர்களுக்கு. என் குரல் உனக்குத் தெரியும், பாவம் அந்த அம்மாள். இப்போதும் ஹெட்போனோடுதான் இதை எழுதுகிறேன். கால் இரண்டும் நாற்காலி மேல் சம்மணத்தில், வாயில் ஒரு கிராம்பு. ஐரோப்பாவில் சங்கீதம் கேட்பது இப்படித்தான்.

சரி, சரக்குக்கு வருகிறேன். இங்கே கடையில் மாட்டிப் பார்த்து வாங்கலாம். கடைக்காரர் பியானோ போட்டுக் காட்டினார். பியானோவில் எல்லா ஹெட்போனும் நல்ல ஹெட்போன்தான். நான் என் போனிலிருந்து நாகஸ்வரமும் தவிலும் போட்டேன். பளபளவென்று கேட்கட்டும் என்று கீச்சு ஒலியைத் தூக்கி வைத்திருக்கும் ஹெட்போனில், நாகஸ்வரம் மேல்ஸ்தாயி போனதும் கண்ணில் தண்ணீர் வரும், பக்தியால் அல்ல. 'பேஸ்' என்று பெட்டியிலேயே பெரிதாகப் போட்டிருப்பதில் தவிலின் தொப்பி மட்டும் கும்கும் என்று வீங்கி, வலந்தலையை முழுங்கிவிடும். நீயும் கடைக்குப் போனால், கடைக்காரன் போடுகிற பாட்டைக் கேட்காதே. உனக்கு மனப்பாடமான பாட்டைப் போட்டுப் பார். எது தொலைந்தது, எது கூடுதலாக வந்தது என்று உடனே தெரியும்.

கடைசியில் எனக்குப் பிடித்தது முதுகு திறந்த ஜாதி. அந்த மஞ்சள் பஞ்சுக்காரரின் வம்சம். பின்பக்கம் வலைதான், மூடி கிடையாது. பாட்டு தலைக்குள் அடைபடாமல் எதிரில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். ஒரே குறை, அதில் பாதி வெளியே ஒழுகும். கடையிலேயே நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் என்னிடம் வந்து அது என்ன வாத்தியம் என்று கேட்டார். நான் உடனே தில்லானா மோகனாம்பாளில் ஆரம்பித்துவிட்டேன், கடைக்காரர்தான் வந்து பிரித்துவிட்டார். ரயிலில் அமைதிப் பெட்டி என்று தனியாக ஒன்று உண்டு, அதற்குள் இந்த ஜாதியைக் கொண்டுபோனால் பெட்டியே ஒன்றாக நிமிர்ந்து பார்க்கும். இன்னொன்று, இவற்றில் சிலதில் 300 ஓம் என்று போட்டிருக்கும். போனில் சொருகினால் சத்தம் எழும்பாது, தனியாக ஆம்ப்ளிஃபையர் வாங்கச் சொல்வார்கள். 16, 32 என்று இருந்தால் போனே இழுத்துவிடும்.

சின்னவன் கேட்கிற சத்தமடக்கிக்கு வருவோம். அமர் போஸ் என்று ஒருவர். அவர் அப்பா வெள்ளைக்கார அரசாங்கத்துக்குத் தப்பி வங்காளத்திலிருந்து அமெரிக்கா போனவர். மகன் 1978-இல் சூரிக்கிலிருந்து விமானத்தில் வரும்போது, அங்கே கொடுத்த ஹெட்போனில் இன்ஜின் சத்தத்தை மீறிப் பாட்டு கேட்கவில்லையே என்று கடுப்பாகி, வழியிலேயே கணக்குப் போட ஆரம்பித்தார். வெளிச்சத்தத்தை மைக்கால் பிடித்து, அதே அலையைத் தலைகீழாக்கிக் காதுக்குள் விட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். விமானத்தில் அருமை. ஆனால் ஒரே சீராக உறுமுகிற சத்தத்தைத்தான் அது நன்றாகத் தின்னும், மனிதப் பேச்சை அவ்வளவாகத் தின்னாது. டிராமில் மாட்டினேன். சக்கரச் சத்தம் போய்விட்டது. அதுவரை சக்கரத்தில் மறைந்திருந்த பின்சீட்டு அம்மாளின் விவாகரத்து வழக்கு தெளிவாகக் கேட்க ஆரம்பித்தது. என் ஜெர்மன் முன்னேறியதற்கு வகுப்பைவிட அந்த அம்மாளுக்கே அதிகக் கடன்பட்டிருக்கிறேன்.

காதுக்குள் அடைக்கிற வகை வாங்கினால் பெட்டியில் மூன்று அளவு ரப்பர் இருக்கும். மூன்றையும் போட்டுப் பார்க்கச் சொல். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு வேறொன்று என்றும் வரலாம், எனக்கு அப்படித்தான். சரியாக அடைக்காவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தாலும் தவிலின் தொப்பி கேட்காது. அடைத்தால் வேறு தொல்லை. நீ அனுப்பிய முந்திரிக்கொத்தை அதை மாட்டிக்கொண்டு கடித்தேன், தலைக்குள் கல்குவாரி திறந்த மாதிரி இருந்தது. முந்திரிக்கொத்தைக் குறை சொல்லவில்லை, அம்மாவிடம் போட்டுக்கொடுக்காதே.

சத்தத்தை ஏற்றினால் போன் வேறு புத்தி சொல்கிறது. 85 டெசிபலைத் தாண்டினால் எச்சரிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. 'நீண்ட நேரம் கேட்டால் செவித்திறன் பாதிக்கும், தொடரவா?' ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் வாசலில் இந்தப் போனைக் கொண்டுவந்து நிறுத்தினால் மயங்கி விழுந்துவிடும். ஆனாலும் விஷயம் நிஜம். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வெடமார்க்காரர்களின் ஹெட்போன் வியாபாரத்தை 2022-இல் வாங்கியது யார் தெரியுமா? சுவிட்சர்லாந்தில் காது மெஷின் செய்கிற கம்பெனி. சின்னவனிடம் இதைக் கட்டாயம் சொல்.

அப்பாவுக்கு வயர் வைத்தது போதும். அவர் போனில் இன்னும் அந்த வட்டத் துளை இருக்கிறது. ஆப்பிள்காரன் 2016-இல் அதை அடைத்தான், பின்னால் பல பேர் அடைத்துவிட்டார்கள். சார்ஜ் வேண்டாம், சட்டைப்பையில் இருந்து தொலையாது. காதுக்குள் அடைக்காமல் மடலில் உட்காருகிற பழைய மாதிரி வாங்கு. காலையில் மார்க்கெட் பக்கம் நடக்கிறவருக்கு பஸ் ஹாரன் கேட்க வேண்டும். சின்னவன் கேட்பதில் பேட்டரி சில வருஷத்தில் தளரும், அனேகமாக மாற்றவும் முடியாது. புளூடூத்தில் சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வரும், அவன் விளையாடுகிற துப்பாக்கி ஆட்டத்தில் செத்த பிறகுதான் குண்டுச் சத்தம் கேட்கும். படிப்புக்கு என்று சொன்னானாமே, படிப்புக்கு வயரே தாராளம்.

இப்போது உன் விஷயம். நீ புதிதாக வாங்கி மாட்டிக்கொண்டு பேசுகிறாயே, அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பேசுகிறவர் வாயை மட்டும் பிடித்து மற்ற சத்தத்தை வெட்டிவிடுகிற மைக் அதில் இருக்கிறது. டெல்லி நியூஸ் ரீடர் மாதிரி உன் குரல் வருகிறது. குக்கர் விசில் வருவதில்லை. மாடியில் காக்கா வருவதில்லை. எதிர்வீட்டு சீரியல் போச்சு, போனால் போகட்டும். ஆனால் போன வாரம் நீ நடுவில் நிறுத்தி "சரிப்பா, கேக்கேன்" என்றாய். அதற்கு முன்னால் எனக்கு ஒன்றும் வரவில்லை. அப்பா கூடத்தில் நின்று என்னவோ கேட்டிருக்கிறார், அந்த சாமான் அவரை இரைச்சல் கணக்கில் எழுதிவிட்டது. வாரத்தில் ஆறு நாள் எனக்கு இங்கே யாரும் சத்தம் போடுவதில்லை அக்கா, ஏழாவது நாள் சட்டமே இருக்கிறது. என்னோடு பேசும்போது அதைக் கழற்றி வை. போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்படி மேடையில் சாத்தி வை, உன் குரல் பாதிதான் கேட்கும், பரவாயில்லை. அப்பா என்ன கேட்டார் என்றும் எழுது.

சின்னவனுடையதை டிசம்பரில் நானே கொண்டுவருகிறேன். அதன் விலையில் எனக்கு இங்கே இரண்டு மாசத்துக்குப் பொன்னி அரிசி வரும், அதை அவனிடம் சொல்ல வேண்டாம். அத்தானிடம் மட்டும் காதில் விழுகிற மாதிரி சொல்லிவை.

அன்புடன்,
தம்பி