மே மாதத்துப் புண்ணியவான்கள்

ப்ளஸ் டூ முடிவு வந்த மறுநாளே களத்தில் இறங்கிவிடும் ஒரு கூட்டம் நம் ஊர்களில் உண்டு. அவர்களுக்கு இதுவரை யாரும் சிலை வைக்காதது நம் நன்றிகெட்ட குணம். கொத்தனார் மகள் வரலாறு படிக்க ஆசைப்படுகிறாள் என்று காதில் விழுந்தால் போதும். வெயிலையும் பாராமல் வீடு தேடி வந்துவிடுவார்கள். "பி.ஏ. எல்லாம் நமக்கெதுக்கும்மா? அது வசதி உள்ளவங்க பொழுதுபோக்காப் படிக்கிறது. நாலு காசு பாக்குற படிப்பா எடு." டீ கூட வேண்டாம் என்பார்கள். அடுத்த தெருவில் ஒரு பையன் தமிழ் இலக்கியத்துக்கு விண்ணப்பம் போட்டிருப்பான். அவனையும் காப்பாற்றியாக வேண்டும்.

இவர்களுடைய கணக்கறிவுக்கு ஈடே இல்லை. அரசு கலைக் கல்லூரியில் கல்விக் கட்டணம் கிடையாது. சும்மா கிடைக்கும் படிப்பால் ஏழைக் குடும்பம் கெட்டுப்போகும் என்று கண்டுபிடித்தவர்கள் இவர்கள்தான். அதனால் வங்கிக் கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்க்கச் சொல்கிறார்கள். பி.ஏ. முடித்ததும் வேலை வாசலில் வந்து நிற்காது என்று இவர்கள் சொல்வதில் பொய்யே இல்லை. பி.இ. முடித்த பலருக்கும் நிற்பதில்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளின் மனம் நோகுமே என்ற இரக்கம்தான்.

கடன் வாங்கிப் படித்த அந்தப் பிள்ளை நான்கு வருடம் கழித்து என்ன செய்கிறான்? குரூப் 4 எழுதுகிறான். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்ற அந்தத் தேர்வில் 200 கேள்வி. அவற்றில் 100 தமிழ், 75 பொது அறிவு, மீதி 25 திறனறிவு. விஜயநகரப் பேரரசு, அரசியலமைப்பு, ஐந்தாண்டுத் திட்டம், சங்க இலக்கியம் என்று இரவெல்லாம் உருப்போடுகிறான். எதைப் படித்தால் சோறு போடாது என்று தடுத்தார்களோ அதையேதான் இப்போது பயிற்சி மையத்தில் தனிக் கட்டணம் கட்டிப் படிக்கிறான். பொறியியலில் கிடைத்த மனப்பக்குவம் இல்லாமல் நேரடியாக வரலாற்றுக்குள் குதித்திருந்தால் பிள்ளை என்ன ஆகியிருப்பானோ! இன்னும் துணிந்தவர்கள் குடிமைப் பணித் தேர்வுக்குப் போய், விருப்பப் பாடமாக மானுடவியலையோ சமூகவியலையோ எடுக்கிறார்கள். பொறியாளர்கள்தான்.

இப்படிப்பட்ட ஆலோசகர்கள் முன்பே இருந்திருந்தால் தமிழ்நாட்டுக்கு எவ்வளவோ தொல்லை மிச்சமாகியிருக்கும். காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவர், குடும்பக் கஷ்டத்துக்காக நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தவர், அதோடு நிற்காமல் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து பொருளாதாரமும் அரசியலும் படித்து எம்.ஏ. வாங்கிவிட்டார். தடுக்க ஆளில்லை. விளைவு, 1967இல் முதலமைச்சராகி, மாநிலத்தின் பெயரை மாற்றுவது போன்ற வேலைகளில் எல்லாம் இறங்கிவிட்டார். அந்தப் பிழைக்குப் பரிகாரமாகத்தான், 1978இல் பொறியியலுக்கென்று தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு அண்ணாவின் பெயரை வைத்தார்கள் போலும். இன்று ஆயிரக்கணக்கான பி.இ. சான்றிதழ்களின் தலையில் ஒரு கலைப் பட்டதாரியின் பெயர் ஜொலிக்கிறது.

அரசாங்கத்தையும் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆலோசகர்கள் வாயால் சொல்வதை அது செய்தே காட்டுகிறது. கலைக் கல்லூரிகளில் நிரந்தரப் பேராசிரியர் இடங்களை நிரப்பி வீண்செலவு செய்யாமல், முனைவர் பட்டம் பெற்றவர்களைக் கௌரவ விரிவுரையாளர்களாக வைத்திருக்கிறது. மாதம் 25,000 ரூபாய், வருடத்துக்கு 11 மாதம். பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் மாதம் 50,000 வரை தரலாம் என்றது. அவ்வளவு பணம் புரண்டால் ஆராய்ச்சி மனம் கெட்டுவிடாதா? முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவன், இத்தனை படித்த தன் ஆசிரியர் மே மாதச் சம்பளம் இல்லாமல் கைமாற்றுக் கேட்பதைப் பார்க்கிறான். இதைவிடச் சுருக்கமாக யாரால் புத்தி சொல்ல முடியும்?

இத்தனை நல்லவர்களிடம் எனக்கு ஒரே ஒரு மனக்குறை. இவர்களுடைய கருணை ஏழை வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. அரியானாவில் சோனிபட் என்று ஓர் ஊர். அங்கே 2014இல் தொடங்கிய அசோகா பல்கலைக்கழகத்தில் தொழிலதிபர்கள் வீட்டுப் பிள்ளைகளும் உயர் அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகளும் இதே வரலாற்றை, இதே தத்துவத்தை, இதே அரசியலை, தங்குமிடம் சேர்த்து ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். "இதெல்லாம் எதுக்குப்பா, ஒரு டிப்ளமோ பண்ணக் கூடாதா?" என்று கேட்க அங்கே ஒரு நாதியில்லை. பெற்றவர்களும் விவரம் தெரியாமல் சந்தோஷமாகக் கட்டுகிறார்கள்.

அடுத்த மே மாதம் கொத்தனார் வீட்டை எங்களிடம் விட்டுவிட்டு, பெரியவர்கள் முதலில் அங்கே போய் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும். டெல்லி வரை தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது, அங்கிருந்து பக்கம்தான். டிக்கெட்டுக்குத் தெருவில் வசூல் பண்ணித் தருகிறோம்.