மோட்டார் கேடிக்கு அங்கீகாரம் வேண்டி

அனுப்புநர்: ரிமோட்டும் கையுமாக நடக்கும் ஒரு கோல்ஃப் ஆட்டக்காரன்.

பெறுநர்: ஆர் அண்ட் ஏ அமைப்பு, செயின்ட் ஆண்ட்ரூஸ், ஸ்காட்லாந்து.

பொருள்: கோல்ஃப் பையைச் சுமந்து ரிமோட்டில் ஓடும் மின்சார வண்டிக்கு, ஆட்டக்காரரின் பையைச் சுமந்து உடன் நடக்கும் உதவியாளரான கேடியின் அந்தஸ்து கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்களின் கோல்ஃப் விதிப்புத்தகம். 2. 2019இல் ஜான் டேலிக்குத் தாங்கள் தந்த மறுப்பு.

மதிப்பிற்குரிய ஐயாமார்களே, அம்மையீர்களே,

தங்கள் தாய்க் கழகம் 1754இல் தொடங்கியது. பெண்களை உறுப்பினராக்கலாம் என்று அது வாக்களித்தது 2014இல். 260 ஆண்டு ஆற அமர யோசித்து எடுத்த முடிவு. என் மனுவுக்கும் அதே நிதானத்தைக் காட்டினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. வண்டியின் பேட்டரிதான் அவ்வளவு காலம் தாங்காது.

முதலில் மனுவுக்குரியவரைப் பற்றி. பின்சக்கரம் இரண்டுக்கும் தனித்தனி மோட்டார். ரிமோட்டில் இடது பொத்தானை அழுத்தினால் வலச் சக்கரம் முந்தும், வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் மோட்டாரே பிரேக் பிடிக்கும். மேட்டில் மல்லாந்து விழாமலிருக்கப் பின்னால் வால் போல ஒரு குட்டிச் சக்கரம். சாய்வான புல்தரையில் குறுக்கே போகும்போது மட்டும் பையின் கனம் இழுத்து, வண்டி மெல்லப் பள்ளத்தின் பக்கம் ஒதுங்கும்; எதிர்ப் பொத்தானைத் தட்டித் தட்டி நேராக்க வேண்டும். ரிமோட்டின் எட்டுக்கு அப்பால் போய்விட்டால் தானே நின்றுவிடும் என்பது தயாரிப்பாளர்களின் வாக்கு. கிரீனில் குனிந்து பந்துக்கும் குழிக்கும் கோடு பார்க்கும்போது பாக்கெட்டில் கிடக்கும் ரிமோட் அமுங்கி, வண்டி சத்தமில்லாமல் மணற்குழியை நோக்கிப் புறப்பட்டுவிடுவதும் உண்டு. அதற்காகவே பூட்டுப் பொத்தானும் வைக்கிறார்கள்.

கேடிக்குத் தாங்கள் வகுத்த ஒழுக்கங்களில் இது எதை மீறுகிறது, சொல்லுங்கள். ஆட்டக்காரர் அடிக்க நிற்கும்போது கேடி அவருக்குப் பின்னால் கோட்டில் நின்று குறி சரிபார்க்கக் கூடாது என்று 2019இல் விதி போட்டீர்கள். என் வண்டி அப்படி நின்றதே இல்லை. நின்றாலும் அதற்குக் கண் கிடையாது. எந்த மட்டையை எடுப்பது என்று தப்பாக யோசனை சொல்லாது. பந்து புதருக்குள் போனால் பெருமூச்சு விடாது. சாயங்காலம் கிளப்பில் உட்கார்ந்து என் ஆட்டத்தைப் பற்றி நாலு பேரிடம் பேசாது.

விதிப்புத்தகமும் அதன்மேல் கனிவாகவே இருக்கிறது. நான் அடித்த பந்து தற்செயலாக என் வண்டியிலேயே பட்டால் 2019 முதல் அபராதம் இல்லை. உருண்டு வரும் பந்துக்கு வண்டியை விலக்கி வழி விடலாம். ஆனால் பந்தை மறிக்க வேண்டுமென்றே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, பந்தும் அதில் வந்து மோதினால் அபராதம். ஒரே ரிமோட், ஒரே பொத்தான். நோக்கத்தைப் பொறுத்து நீதி. தர்மசாஸ்திரம் படித்தவர்கள்கூட இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்க மாட்டார்கள்.

தங்கள் மாதிரி உள்ளூர் விதிகளில் ஜி-6 என்று ஒன்று இருக்கிறது. ஆட்டக்காரரோ கேடியோ மோட்டார் வாகனத்தில் ஏறிப் போகக் கூடாது என்று விதிக்க அது வழிசெய்கிறது. நான் ஏறவில்லை. என் பைதான் ஏறியிருக்கிறது. பைக்கு அந்த விதி பொருந்துமா என்பதையும் தெளிவுபடுத்தக் கோருகிறேன்.

இனி பார்வை இரண்டு. ஜான் டேலி 1995இல் தாங்கள் நடத்தும் ஓப்பன் போட்டியை வென்ற ஆட்டக்காரர்; அதுவும் தங்கள் வாசலில், செயின்ட் ஆண்ட்ரூஸிலேயே. 2019இல் மூட்டுத் தேய்மானத்தோடு, அந்த ஆண்டு ஓப்பன் நடந்த ராயல் போர்ட்ரஷில் ஓட்டிப்போக ஒரு வண்டி கேட்டார். அதற்கு இரண்டு மாதம் முன்பு பெத்பேஜில் நடந்த பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் வண்டி ஓட்டித்தான் ஆடியிருந்தார். தாங்கள் மறுத்தீர்கள். நடப்பது ஓப்பனின் பிரிக்க முடியாத அங்கம் என்றீர்கள். அந்த நிலம் வண்டிக்கு ஏற்றதல்ல என்றும் சேர்த்தீர்கள். நிலத்தைப் பற்றி எனக்கு வழக்கில்லை. நடப்பதைப் பற்றித்தான் சின்னச் சந்தேகம்.

இதே வாதத்தை அமெரிக்காவின் பி.ஜி.ஏ. டூர் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. வலது காலில் ரத்த ஓட்டக் கோளாறு உள்ள கேசி மார்ட்டின் என்ற ஆட்டக்காரர் ஓட்டிப்போக வண்டி கேட்டிருந்தார். நடந்து களைப்பதும் போட்டியின் சோதனையே என்றது டூர். ஒரு சுற்று ஆட்டத்தில் அப்படி நடப்பதில் ஏறக்குறைய 500 கலோரி செலவாகும், ஒரு பிக் மேக்கைவிடக் குறைவு என்று உடலியல் நிபுணர் ஒருவர் சாட்சி சொல்லியிருந்தார். 2001இல் 7க்கு 2 என்று மார்ட்டின் பக்கம் தீர்ப்பானது. களைப்பு என்னும் மாபெரும் தத்துவம், சாட்சிக் கூண்டில் ஒரு பர்கரிடம் தோற்றது.

அந்த வழக்கிலும் யாரும் அழுத்திக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. தொழில்முறை ஆட்டக்காரர் நடக்கிறார், சரி. ஏறக்குறைய இருபது கிலோ பை யார் தோளில் நடக்கிறது? மரபு என்று தாங்கள் காப்பாற்றுவதில் பாதி வீரரின் கால். மீதிப் பாதி இன்னொருவரின் தோள். 1913இல் அமெரிக்க ஓப்பனை வென்ற பிரான்சிஸ் வீமெட்டின் பையைச் சுமந்தது எடி லோவரி என்ற பத்து வயதுப் பையன். இருவரும் சேர்ந்து நடக்கும் படத்தை கோல்ஃப் உலகம் இன்றும் பூப்போட்டுக் கும்பிடாத குறை. குழந்தை சுமந்தால் காவியம், மோட்டார் சுமந்தால் மரபுக்கேடா?

கேடிகளின் பிழைப்பு என்ன ஆவது என்று தாங்கள் கேட்கலாம். கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்வேன், அது நியாயமான கேள்வி. கேடியாக இருந்த அலி ஷேர்தான் 1991இல் இந்திய ஓப்பனை வென்றார். ஆனால் அவரை வெல்ல வைத்தது தோள்பட்டையா? தூரம் கணிப்பதும், காற்றைப் படிப்பதும், கிரீனின் சரிவைச் சொல்வதும், கோபத்தில் மட்டையை வீசப்போகும் முதலாளியை அடக்குவதும்தான் கேடியின் வித்தை. பை சுமப்பது அந்த வித்தைக்கு நாம் விதித்த வரி. ரிமோட்டைக் கேடியின் கையில் கொடுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள். முதுகு தப்பும், மூளை சம்பாதிக்கும். இதில் நஷ்டம் யாருக்கு? தனக்குப் பின்னால் ஒருவர் குனிந்து சுமந்து வந்தால்தான் ராஜநடை நடப்போம் என்பவருக்கு மட்டும்.

ஆகவே தங்கள் சமூகத்தைப் பணிவுடன் வேண்டிக்கொள்வது:

அ) என் வண்டியைக் கேடியாக அங்கீகரிக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு கேடிதான் என்ற விதிக்கு நான் கட்டுப்படுகிறேன். இரண்டாவது வண்டி வாங்க வசதியும் இல்லை.

ஆ) ஞாயிற்றுக்கிழமைகளில் செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்டு கோர்ஸ் மைதானத்தில் வழக்கமாக ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் நாயோடு உலாவுகிறார்கள் என்று அறிகிறேன். பின்தொடரும் வசதியைப் போட்டுவிட்டால் என் வண்டியும் பின்னாலேயே வரும், குரைக்காது. அதை ஒரு ஞாயிறு உலாவ விடத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். மைதானம் தனி அறக்கட்டளையின் பொறுப்பில் இருப்பது தெரியும். சிபாரிசுக் கடிதம் ஒன்று போதும், எங்கள் ஊர் வழக்கமும் அதுவே.

இ) மேற்கண்ட இரண்டும் இயலாது எனில், மரபை முழுசாகக் காப்பாற்றுங்கள். ‘நடக்க வேண்டும்’ என்பதோடு ‘தன் பையைத் தானே சுமந்து’ என்று சேர்த்து, ஒரே ஒரு ஓப்பனை நடத்திக் காட்டுங்கள். முதல் நாளான வியாழக்கிழமை ஒன்பதாவது குழி முடிவதற்குள் விதியைத் திருத்தச் சொல்லித் தங்களுக்கு இன்னொரு மனு வந்து சேரும். அதில் கையெழுத்துப் போட்டிருப்பவர் உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் இருப்பார். அதையாவது தாங்கள் படிப்பீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் விதிகளுக்கு என்றும் கீழ்ப்படியும்,
சுமையில்லாத மனுதாரர்.

நகல்: அமெரிக்க கோல்ஃப் சங்கத்துக்கு, தகவலுக்காகவும் தட்டிக் கழிப்பதற்காகவும்.