குர்லாவிலிருந்து ஒரு ஹால்மார்க் விண்ணப்பம்

அனுப்புநர்:
நகைக்கடையிலும் கணினிக்கடையிலும் ஒரே மாதத்தில் ஏறி இறங்கிய நுகர்வோர்,
நேரு நகர், குர்லா கிழக்கு, மும்பை.

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
இந்திய தர நிர்ணய அமைவனம்,
மானக் பவன், பகதூர் ஷா ஜாஃபர் மார்க், புது தில்லி.

பொருள்: டெஸ்க்டாப் கணினிக்குத் தங்கம் வாங்குதல் – மேற்படி தங்கத்துக்கு ஹால்மார்க் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்க நகைகளுக்குக் கட்டாய ஹால்மார்க், 16.06.2021. 2. என் அக்கா மகனின் பிடிவாதம், நாளது தேதி வரை.

பெருமதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். தாங்கள் ஹால்மார்க்கைக் கட்டாயமாக்கிய பிறகு எங்கள் வீட்டுப் பெண்கள் நகைக்கடையில் பேசும் தோரணையே மாறிவிட்டது. 2023 ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு நகைக்கும் ஆறு எழுத்து அடையாள எண் வேறு. என் மனைவி வளையலைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, அந்த எண்ணைத் தங்கள் செயலியில் தட்டி, 916 என்று வந்த பிறகுதான் கடைக்காரர் தந்த குளிர்பானத்தையே குடித்தாள். இருபத்திரண்டு காரட் என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். அதில் பேரமும் இல்லை, பேச்சும் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் கண்ணில் படாமல் இந்த ஊரில் இன்னொரு தங்கம் விற்பனையாகிறது.

என் அக்கா மகன் சினிமாவுக்கு விஎஃப்எக்ஸ் செய்பவன். புலி பாய வேண்டும், கட்டடம் இடிய வேண்டும், எல்லாவற்றையும் எங்கள் வீட்டின் பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்தபடி செய்கிறான். அதற்காக ஆர்டிஎக்ஸ் 5090 என்ற கிராஃபிக்ஸ் கார்டை வாங்கினான். 2025 ஜனவரியில் அது வந்தபோது இந்திய விலை 2,14,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். அன்றைய விலைக்கு மூன்று பவுனுக்கு மேல். என் மனைவி அந்தக் கணக்கை உடனே போட்டுச் சொல்லிவிட்டாள்.

“இதுக்குத் தீனி போட நல்ல எஸ்எம்பிஎஸ் வேணும் மாமா” என்றான். சரி, தீனிதானே என்று லேமிங்டன் ரோட்டுக்குக் கூடப் போனேன். கடைக்காரர் எடுத்த எடுப்பில் கேட்டார்: “பிரான்ஸா, சில்வரா, கோல்டா, பிளாட்டினமா, டைட்டேனியமா?” வழிதவறி ஜவேரி பஜாருக்கு வந்துவிட்டோமோ என்று வெளியே வந்து பெயர்ப்பலகையைப் பார்த்தேன். கணினிக்கடைதான்.

விசாரித்ததில் தெரிந்தது இது. 2004இல் அமெரிக்காவில் 80 பிளஸ் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். சுவரிலிருந்து வரும் மாறுதிசை மின்சாரத்தை எஸ்எம்பிஎஸ் நேர்திசையாக்கிக் கணினிக்குக் கொடுக்கிறதே, அந்த வேலையில் நூற்றுக்கு எண்பதாவது உருப்படியாகப் போய்ச்சேர வேண்டும் என்பது தொடக்க நிபந்தனை. பிறகு உலோகங்கள் வரிசையாக ஏறின. 230 வோல்ட்டுக்கான பட்டியலில், பாதிச் சுமையில் 92 சதவீதம் தேறினால் தங்கம்.

தாங்கள் இதைக் கவனிக்க வேண்டும். தங்கள் தங்கம் 91.6, அவர்கள் தங்கம் 92. ஏறக்குறைய ஒரே காரட். எஸ்எம்பிஎஸ் வீணாக்கும் மீதி எட்டை நகைக்கடை மொழியில் சேதாரம் என்று சொல்லலாம். இரண்டு சேதாரத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நகைக்காரர் சேதாரத்தை ஒரே தடவை பில்லில் போட்டு முடித்துக்கொள்கிறார். எஸ்எம்பிஎஸ் அதை ஆயுள் முழுக்க மீட்டரில் வசூலிக்கிறது.

அந்தச் சோதனையை எங்கே நடத்துகிறார்கள் என்றும் கேட்டு வைத்தேன். ஆய்வகத்தில், சுமார் 23 டிகிரியில். குர்லாவில் எங்கள் அறைக்குள் 23 டிகிரி என்பது ஜனவரியில் சில இரவுகளுக்கு வந்து போகும் விருந்தாளி. மே மாதம் எங்கள் அறை 34இல் நிற்கும். கேபினெட்டுக்குள், அந்தக் கார்டு மூச்சு விடும் இடத்தில், நாற்பதைத் தாண்டும். சூடு ஏற ஏற எஸ்எம்பிஎஸ் தரக்கூடிய வாட் குறையும், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரின் ஆயுளும் தேயும். நல்ல தயாரிப்பாளர்கள் “50 டிகிரியிலும் முழு வாட் தரும்” என்று எழுதிக்கொடுக்கிறார்கள். மற்றவர்கள் டிகிரியைப் பற்றிப் பேசுவதே இல்லை. அட்டைப் பெட்டியில் தங்க முத்திரை எல்லோருக்கும் ஒரே அளவில்தான் மின்னுகிறது.

சோதனைக்கான மாதிரியைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுத்து அனுப்பிவைக்கிறார். பெண் பார்க்க வரும் நாளில் பெண்ணே தன் புகைப்படத்தைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை என்பார்கள். நான் அதற்குள் போகவில்லை. தாங்கள் ஒவ்வொரு வளையலுக்கும் எண் போடுகிறீர்கள், அவர்கள் ஒரு மாடலுக்கு ஒரு பட்டம் கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும்: பட்டம் பெற்ற மாடல்களின் பட்டியலையும் சோதனை அறிக்கைகளையும் அவர்கள் ஒளிக்காமல் வெளியிடுகிறார்கள். கடையில் நின்றுகொண்டு அதைத் திறந்து பார்ப்பவர்தான் இல்லை.

இதைவிட முக்கியமானது, தங்கம் என்பது சிக்கனத்துக்கான பட்டம், பத்திரத்துக்கான பட்டம் அல்ல. கிகாபைட் நிறுவனத்தின் 750, 850 வாட் மாடல்கள் இரண்டு, தங்க முத்திரையோடு வந்தவைதான். சோதித்தவர்களின் மேசையில் வெடித்தன. 2021 ஆகஸ்டில் நிறுவனம் குறிப்பிட்ட வரிசை எண்களை மாற்றித் தருவதாக அறிவித்தது. மிகைச்சுமையில் தானே அணையும் வரம்பையும் இறக்கியது. வெடித்த அந்த நொடியிலும் அவை 90 சதவீதச் சிக்கனத்தோடுதான் இருந்திருக்கும்.

தங்கள் தரப்பில் ஒன்றும் இல்லை என்று சொல்லமாட்டேன். 2012இல் தொடங்கிய கட்டாயப் பதிவு முறையின் கீழ் மின்னணுச் சாதனங்களில் ஆர் என்று தொடங்கும் தங்கள் எண் இருக்கிறது. அது பாதுகாப்புத் தரத்துக்கான எண். “இது ஆளைக் கொல்லாது” என்று அது சொல்கிறது. “பெட்டியில் போட்ட வாட்டைத் தரும்” என்று சொல்வதில்லை. அந்த இடைவெளியில்தான் வியாபாரம் நடக்கிறது.

தொண்ணூறுகளில் உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் “1000 வாட் பிஎம்பிஓ” என்று எழுதி விற்றார்களே, அந்த வம்சம் அழியவில்லை. கேபினெட்டோடு சேர்த்துத் தரும் “500 வாட்” எஸ்எம்பிஎஸ் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டு ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் 12 வோல்ட், 16 ஆம்ப் என்று இருந்தது. பெருக்கினால் 192 வாட். பிராசசருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் தேவையானது அந்த 12 வோல்ட் வரிசைதான். மிச்ச 308 வாட் எங்கே என்று கேட்டேன். “அது பீக்” என்றார் கடைக்காரர்.

பையன் கேட்டது 1600 வாட். “எதிர்காலத்துக்கு ஆகும் மாமா.” கடையிலேயே கணக்குப் போட்டோம். கார்டு 575 வாட். அவன் பிராசசர் உச்சத்தில் 253. மதர்போர்டு, மெமரி, எஸ்எஸ்டி, விசிறிகள் எல்லாம் சேர்த்து எழுபது. கூட்டினால் ஏறத்தாழ 900. கார்டு செய்த கம்பெனியே 1000 வாட் போதும் என்று எழுதியிருக்கிறது.

1600 வாட்டை முழுதாக இழுத்தால், 92 சதவீதத் தங்கமாகவே இருந்தாலும், சுவரிலிருந்து 1740 வாட் போகும். 230ஆல் வகுத்தால் ஏழரை ஆம்ப். ஏழரை பிடித்தால் என்ன ஆகும் என்று தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறையில் இருப்பது 6 ஆம்ப் பிளக் பாயிண்ட். 16 ஆம்புக்குத் தனி வயர் இழுக்க வேண்டும். அதற்குச் சுவரை உடைக்க வேண்டும். அந்தச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சுவர்.

இவ்வளவு பெரியதை வாங்கி வைத்தாலும், நாளின் பெரும்பகுதி அவன் மெயில் பார்ப்பான், வாடிக்கையாளரோடு சண்டை போடுவான். அப்போது கணினி இழுப்பது நூறு வாட். 1600இல் அது ஆறு சதவீதம். தங்கச் சோதனை தொடங்குவதே 20 சதவீதச் சுமையில். பத்து சதவீதத்தில் என்ன நடக்கிறது என்று இந்த உலோகங்களில் டைட்டேனியத்திடம் மட்டும்தான் கேட்கிறார்கள். ஆறுக்குப் பதில் சொல்ல எந்த உலோகமும் கடமைப்பட்டிருக்கவில்லை. நகைக்கடையில் இப்படி நடந்தால் தாங்கள் பதிவை ரத்து செய்வீர்கள்.

ஆனால் 900 தேவைப்படும் இடத்தில் 900 வாங்குவதும் புத்திசாலித்தனம் இல்லை. இந்தக் கார்டுகள் கண்ணிமைப்பதற்குள் சட்டென்று தாண்டிக் குதிக்கும். அதனால் 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதியில், விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு இருமடங்கு வாட்டைத் தாங்க வேண்டும் என்று எழுதினார்கள். கார்டுக்குப் போகும் பதினாறு பின் கேபிள் தனிக்கதை. 12 வோல்ட்டில் 600 வாட் என்றால் 50 ஆம்ப். எங்கள் வீட்டு மெயின் எம்சிபியே 32தான். முந்தைய 4090 கார்டு வந்த 2022 அக்டோபரில் அந்த கனெக்டர்கள் உருகின. சுமார் ஐம்பது கேஸ்கள் வந்தன என்றும், முழுதாக அழுத்திச் செருகாததே காரணம் என்றும் நவம்பரில் என்விடியா சொன்னது. பிறகு பின்னின் நீளத்தை மாற்றிப் புதுத் தரம் கொண்டுவந்தார்கள். மூன்று பவுன் சாமானை ஒரு பிளாஸ்டிக் முனை கையில் பிடித்திருக்கிறது. அந்த முனைக்கும் தங்க முத்திரைக்கும் ஸ்நானப் பிராப்திகூட இல்லை.

மாறுதிசையை நேர்திசையாக்கும் வேலை எங்கள் ஊருக்குப் புதிது என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து கிளம்பி எங்கே போனது என்று நினைக்கிறீர்கள்? குர்லாவுக்கு. 1500 வோல்ட் நேர்திசை மின்சாரம். 2016 ஏப்ரலில் ஹார்பர் லைன் முழுதாக 25,000 வோல்ட் மாறுதிசைக்கு மாறும் வரை, தொண்ணூற்றோரு வருடம் எங்கள் தலைக்கு மேல் ஓடியது அதுதான். அந்த மின்சாரத்தைத் தந்த சப்-ஸ்டேஷன்களில் எதிலும் தங்கம், வெள்ளி என்று ஸ்டிக்கர் ஒட்டியதாகத் தெரியவில்லை. இத்தனை வோல்ட், இத்தனை ஆம்ப், இத்தனை சூட்டில் இவ்வளவு நேரம் என்று மட்டும் எழுதியிருப்பார்கள். ரயில்வேக்காரர்களுக்கு விற்பனைப் பிரிவு இல்லாத குறை.

எங்கள் கட்டடத்தைப் பற்றியும் ஒரு வரி. பிளக் பாயிண்டில் மேலே பெரிய ஓட்டை ஒன்று உண்டு. எர்த். பழைய கட்டடங்களில் அது பல வீடுகளில் அலங்காரத்துக்காக இருப்பது. நல்ல எஸ்எம்பிஎஸ்களின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை சொட்டுச் சொட்டாக எர்த்துக்குக் கசியவிடும். எர்த் இல்லாவிட்டால் அந்தச் சொட்டு கேபினெட்டில் வந்து நிற்கும். தொட்டால் சுருக்கென்று இருக்கும். வெண்கலமானாலும் டைட்டேனியமானாலும் ஒரே சுருக்கு. சமத்துவம் என்று பார்த்தால் எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் அது ஒன்றுதான்.

குர்லா மேற்கில் பழைய சாமான் எடுக்கும் பாய் ஒருவர் இருக்கிறார். செத்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் தூக்கிப் பார்த்தே, “இது ஒரிஜினல், இது டப்பா” என்று பிரித்துவிடுவார். டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட்சிங்கும் உள்ளே முழுதாக இருந்தால் கனக்கும், அவ்வளவுதான் அவர் சாஸ்திரம். நான் விசாரித்த அத்தனை பேரிலும் எடை போட்டுத் தரம் சொன்னவர் அவர் ஒருவர்தான். தங்கள் ஆய்வு மையங்களில் ஆள் பற்றாக்குறை இருந்தால் பரிசீலிக்கலாம்.

ஆகவே கனம் பொருந்திய அமைவனம் கீழ்க்கண்டவாறு ஆவன செய்ய வேண்டுகிறேன். தங்கம் என்று எழுதியதெல்லாம் தங்கள் ஆளுகைக்குள் வரும் என்று கொண்டு, எஸ்எம்பிஎஸ் பெட்டியின் முன்பக்கத்தில், முத்திரையைவிடப் பெரிய எழுத்தில், 12 வோல்ட்டில் எத்தனை ஆம்ப், எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம் தொடர்ந்து என்று அச்சிட ஆணையிட வேண்டும். “பீக்” என்ற சொல்லை உச்சரிக்கும் கடைக்காரருக்கு அந்தப் பீக்கிலேயே ஒரு மணி நேரம் கடையை ஓட்டிக்காட்டும் கடமையை விதிக்க வேண்டும். டேட்டா சென்டர்களுக்காக அமெரிக்கர்கள் ரூபி என்றும் ஒரு பட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். மாணிக்கம் வந்துவிட்டால் மரகதமும் வைடூரியமும் தூரத்தில் இல்லை. நவரத்தினம் முடிவதற்குள் தாங்கள் விழித்துக்கொண்டால் நல்லது.

தங்கள் சகோதர நிறுவனமான எரிசக்தித் திறன் அமைவனத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு நட்சத்திரம் கட்டாயம் என்றார்கள். மகிழ்ச்சி. ஆனால் பையன் ரெண்டர் போடும்போது 900 வாட் தருவதற்கு இந்தத் தங்கம் ஏறத்தாழ 1000 வாட் இழுக்கிறது. அந்த நூறு வாட் பெட்டிக்குள்ளேயே சூடாகிப் போகிறது. பழைய சீலிங் ஃபேன் 75 வாட்டில் ஓடுகிறது, காற்றும் தருகிறது.

கடைசியாக ஒரு அவசர விண்ணப்பம். ஒருவழியாகப் பையனை 1200 வாட்டுக்கு இறக்கி வாங்கிக் கொடுத்துவிட்டேன். 23 டிகிரியில்தான் அது தங்கம் என்று அவன் எங்கேயோ படித்துவிட்டான். அதற்காகவே இப்போது அறையில் ஏசி ஓடுகிறது. 2020 ஜனவரி முதல் நட்சத்திரம் ஒட்டிய ஏசிகள் அரசு விதிப்படி 24இல்தான் தொடங்க வேண்டுமாம். தினமும் காலையில் அவன் ரிமோட்டை எடுத்து ஒரு டிகிரி குறைக்கிறான். இரண்டு அமைவனங்களும் கூடிப் பேசி, 24 டிகிரியிலும் தங்கம் தங்கமே என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், மின்கட்டணம் கட்டுபவன் என்ற முறையில் என்றென்றும் கடமைப்பட்டவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு மாமா

நகல்: கட்டடச் செயலாளர் (எர்த் வயர் பற்றிய பத்தி மட்டும்).