ஆம்னி வேனின் உள்ளலங்காரமும் போர்வைக் கோட்பாடும்: ஓர் அம்பத்தூர்க் கள ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

இவ்வாய்வின் பொருள், பல கை மாறி வந்த ஒரு மாருதி ஆம்னி வேனின் உட்புறம். எஞ்சின், கியர் பாக்ஸ் முதலியன ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டவை. ஆனால் ஆம்னியில் எஞ்சினே முன் சீட்டுக்கு அடியில்தான் குடியிருக்கிறது. ஸ்பார்க் பிளக்கைப் பார்ப்பதற்கும் சீட்டைத் தூக்கியாக வேண்டும். ஆகவே எல்லைத் தகராறு அவ்வப்போது எழும், வாசகர் பொறுத்தருள்க.

1984-இல் 'மாருதி வேன்' என்று வந்து, 1988-இல் ஆம்னி என்று பெயர் சூட்டிக்கொண்டு, 2019 வரை உற்பத்தியில் இருந்த வண்டி இது. மாருதி 800-க்கு வாய்த்த அதே 796 சி.சி. எஞ்சின்தான் இதற்கும். தமிழ் சினிமாவில் கதாநாயகியைக் கடத்தவும், தெருவில் எல்.கே.ஜி. பிள்ளைகளை ஏற்றவும் ஒரே வண்டி பயன்பட்டதற்குக் காரணம் அதன் தள்ளு கதவு. இரு தொழிலிலும் ஏற வேண்டியவர் ஏற மறுப்பது வழக்கம்.

ஆய்வுக்களம்: அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் ஒரு வீட்டின் போர்ட்டிகோ. கருதுகோள்: பழைய வேனின் உட்புறத்தைப் பெரிதும் கெடுப்பவை, அதைக் காப்பாற்றவென்று மேலே போடப்பட்டவையே. இதனைப் 'போர்வைக் கோட்பாடு' என்க.

2. முந்தைய ஆய்வுகள்

இத்துறையில் மூன்று சிந்தனைப் பள்ளிகள் உள. முதலாவது, புதுப்பேட்டைப் பள்ளி: "எல்லாம் இங்கயே கிடைக்கும் சார், மாத்திடலாம்." இரண்டாவது, ஜி.பி. ரோடு பள்ளி: "எதுக்கு சார் பிரிக்கணும்? மேலயே ஒண்ணு போட்டுடலாம்." மூன்றாவது, ஆவடிப் பள்ளி. 1961-இல் தொடங்கப்பட்ட ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர் இதன் ஒரே பிரதிநிதி. "தம்பி, நாங்க டாங்கியையே பிரிச்சு மாட்டினவங்க. இது தகர டப்பா" என்பது அவருடைய சூத்திரம்.

1955-இல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. எட்டு பேர் வேனில் பதினாறு பிள்ளைகளை ஏற்றும் வழக்கத்துக்கு அதுவே கொள்கை அடிப்படை என்று பெரியவர் கருதுகிறார். போதிய சான்று இல்லாமையால் இக்கருத்து இங்கே ஏற்கப்படவில்லை.

3. மண்ணடுக்கு ஆய்வு

ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்தையும் அடைந்தார். அத்திரம்பாக்கக் கருவிகளில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் வெளியான ஆய்வு கூறியது. ஆவடியும் பூந்தமல்லியும் அடங்கிய அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் அத்திரம்பாக்கமும் இருக்கிறது. வட்டாரப் பெருமையை முன்னிட்டு, வேனின் தரையும் மேலிருந்து கீழாக அடுக்கடுக்காகவே அகழப்பட்டது.

முதல் அடுக்கு: ரப்பர் மேட். மணல், வடை மடித்த காகிதம், ஃபாஸ்டேக் உறை. சமகாலம்.

இரண்டாம் அடுக்கு: மரப்பலகை டிசைன் போட்ட வினைல் மேட்டிங், சொல்யூஷன் தடவி ஒட்டியது. அதனடியில் வழவழவென்று சாம்பல் நிற வண்டல். காலக்கணிப்பில் ஐயமே இல்லை: 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல்.

மூன்றாம் அடுக்கு: கார்பெட். கடுகு, துவரம்பருப்பு, வாழை நார். வண்டி சமையல் காண்ட்ராக்டரிடம் இருந்த பொற்காலம். ஒரு கடுகு முளைத்தும் இருந்தது. ஈரத்துக்கு இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

நான்காம் அடுக்கு: மக்கிய சணல் ஃபெல்ட். சிலேட்டுக் குச்சி, ஷார்ப்னர், ஒற்றை ஹேர் கிளிப், ஒரு 25 காசு. அந்தக் காசு 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போனது. எனவே இது அதற்கு முற்பட்ட பள்ளிக்கூடக் காலம்.

ஐந்தாம் அடுக்கு: கம்பெனி ஒட்டிய தார் ஷீட்டும் அதனடியில் இரும்புத் தகடும். டிரைவர் காலடியில் விரலை வைத்து அழுத்தியபோது தகடு அப்பளமாக நொறுங்கி, போர்ட்டிகோவின் சிமென்ட் தரை தெரிந்தது. அகழாய்வு இயற்கை மண்ணை எட்டிவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

ஒவ்வொரு உரிமையாளரும் முந்தியவரின் அடுக்கைப் பிரிக்காமல் அதன் மேலேயே தமது அடுக்கை ஒட்டியிருக்கிறார் என்பதே இப்பகுதியின் முதன்மைக் கண்டுபிடிப்பு. இரண்டாம் பள்ளியின் செல்வாக்கு தெளிவு.

4. நீர்வழி ஆய்வு

நீர் எங்கிருந்து வந்தது? வெள்ளத்தை மட்டும் குற்றம் சொல்வது முறையன்று. வேனுக்குள் டார்ச்சுடன் ஓர் ஆய்வு உதவியாளரை அமர்த்தி, முன் கண்ணாடி மேல் வாளித் தண்ணீர் ஊற்றப்பட்டது. "ஏங்க, கால்ல சொட்டுது. போதும், நிறுத்துங்க!" என்று உதவியாளர் பதிவு செய்தார். வெயிலில் சுருங்கி விறைத்த பீடிங் ரப்பர்தான் வாசல். அங்கே நுழையும் நீர் டேஷ்போர்டின் பின்புறமாக இறங்கி, நேரே மேட்டுக்கு அடியில் போய்ப் படுக்கிறது.

துருவுக்கு இரும்பும் நீரும் காற்றும் வேண்டும். திறந்து கிடக்கும் தகட்டில் விழுந்த நீரை அம்பத்தூர் வெயில் மதியத்துக்குள் குடித்துவிடும். மேட்டிங்குக்கு அடியில் போனதோ ஐப்பசியில் நுழைந்து சித்திரை வரை தங்கும். தரையில் தண்ணீர் வடிவதற்கென்று கம்பெனி விட்ட துளைகளையும் மேட்டிங் மூடிவிட்டிருந்தது. கருதுகோள் வலுப்பெற்றது.

5. செய்முறை

சீட் போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டால், காலையில் ஸ்பேனருக்குப் பணிகின்றன. இது ஆவடிப் பள்ளியின் கொடை. கம்பி பிரஷ், உப்புத்தாள், துருவை மாற்றும் பாஸ்பாரிக் அமிலக் கரைசல், ரெட் ஆக்சைடு, பெயிண்ட் என்பது வரிசை. ஓட்டைக்குப் பட்டி பூசி மறைப்பது போர்வைக் கோட்பாட்டின்படி குற்றம். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். 1964-இல் தோன்றிய அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சந்துகளில் இதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. பற்றவைக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றி, ஸ்பாஞ்சையும் ரெக்ஸினையும் சொல்யூஷன் டப்பாவையும் வண்டியை விட்டு அப்புறப்படுத்துக. தீ ஆய்வு எல்லையை மதிப்பதில்லை.

பழைய ஸ்பாஞ்ச் பிடித்தவுடன் மஞ்சள் பொடியாக உதிர்ந்தது. குஷன் கடைக்காரர் புது ஸ்பாஞ்சை டென்சிட்டி சொல்லி விற்கிறார். "32 போட்டா உட்கார்ந்ததும் மெத்துனு இருக்கும் சார். 40 போட்டா அஞ்சு வருஷம் கழிச்சும் மெத்துனு இருக்கும்." இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியுள்ள தத்துவம் தனி ஆய்வேட்டுக்கு உரியது. சொல்யூஷனை இரு பக்கமும் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து பிறகே அழுத்த வேண்டும். ஈரத்தில் ஒட்டினால் முதல் வெயிலிலேயே ரெக்ஸின் எழுந்து கும்பிடும்.

ஆய்வு அறம் குறித்து ஒரு சொல்: இடம் கிடைக்கிறதே என்று சீட்டைக் கூட்டவோ குறைக்கவோ ஆசைப்படக் கூடாது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. மெத்தையை மாற்றலாம், எண்ணிக்கையை மாற்றலாகாது.

6. வாய்மொழித் தேர்வு

திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குக் குடும்பத்துடன் சென்ற நாளில் தேர்வு நடைபெற்றது. புறத்தேர்வாளர்: ஆய்வாளரின் மாமியார். அவர் புது ரெக்ஸினைத் தடவிப் பார்த்தார், தலையாட்டினார், பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து சீட்டின் மேல் விரித்து, அதன் மேல் அமர்ந்தார். "புது சீட்டு, அழுக்காயிடும் மாப்ளே."

கோட்பாட்டின் தீமைகளை ஆய்வாளர் விளக்கிக்கொண்டிருந்தபோதே, சர்க்கரைப் பொங்கல் தொன்னையிலிருந்து நெய் வழிந்து துண்டில் விழுந்தது. தேர்வாளர் துண்டை உருவி, மடித்து, பையில் போட்டார். சீட்டில் ஒரு பொட்டு நெய் இல்லை. வேறு கேள்வி எதுவும் கேட்கப்படவில்லை.

7. முடிபு

மேற்கண்ட எதிர்ச்சான்றை முன்னிட்டுக் கோட்பாடு பின்வருமாறு திருத்தப்படுகிறது: உருவித் துவைத்துக் காயப்போடக் கூடியது போர்வை, ஒட்டிவிட்டு மறந்துபோவது புதைகுழி. இதன்படி, வேனின் தரையில் இப்போது ஒட்டப்படாத மேட் மட்டுமே கிடக்கிறது. மழை நின்றதும் அது மொட்டை மாடிக் கொடிக்குப் போகிறது.

டி.வி. ரிமோட்டின் பாலிதீன் உறை இவ்விரு வகையுள் எதில் அடங்கும் என்பது மேலாய்வுக்குரியது. அவ்வுறையைப் பிரிக்கப் புறத்தேர்வாளர் இன்னும் அனுமதி வழங்கவில்லை.