பூத்துப்போன கண்டோஸ்

பளையில் எங்கள் வாசலால் ஓடுகிற வீதிக்குக் கண்டி வீதி என்று பெயர். ஒரு முனை யாழ்ப்பாணம், மறுமுனை கண்டி. 1990இல் போரால் ஆனையிறவோடு பாதை மூடப்பட்ட பிறகு, அந்த வீதியால் கண்டியிலிருந்து எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. ரயில் நின்றது, மின்சாரம் நின்றது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சவர்க்காரம் கிடைக்காமல் பனங்களியால் உடுப்புத் தோய்த்தார்கள். சீனி கண்ட நாட்கள் குறைவு. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் தேத்தண்ணி குடித்தோம்.

சொக்லேட்டை நாங்கள் சொக்லேட் என்று சொல்வதில்லை. எந்தக் கம்பனியுடையது என்றாலும் கண்டோஸ்தான்.

1993இல் மாமா கொழும்புக்குப் போய்த் திரும்பினார். கிளாலிக் கடலால், இருட்டில், வள்ளத்தில். அந்தப் பயணத்தில் உயிரோடு கரை சேர்வதே பெரிது. அப்படி வந்தவரின் பையின் அடியில் எங்களுக்கென்று ஒரு கண்டோஸ் இருந்தது. தொட்டால் உள்ளே குழம்பாக அசைந்தது. அம்மா அதைப் பிரிக்க விடவில்லை. தண்ணீர்ப் பானைக்குக் கீழே இருந்த ஈரமணலில், ஒரு கிண்ணத்தில் வைத்து மூடினா. இரண்டு நாள் நானும் தம்பியும் அந்தப் பானையைச் சுற்றியே திரிந்தோம்.

மூன்றாம் நாள் ஈயத்தாளை விரித்தால், மேலெல்லாம் சாம்பல் படிந்த மாதிரி வெள்ளை.

"பூத்துப்போச்சு. ஒருத்தரும் தொடக்கூடாது, வயித்தைக் குழப்பும்" என்றா அம்மா. மருந்து கிடைக்காத காலம்; அவவின் பயம் நியாயமானது. குசினிக்குப் பின்னால், தென்னையடியில் தாட்டுவிட்டா. தம்பி அழுத அழுகை இன்றைக்கும் காதில் கேட்கிறது. ஆச்சி ஆளுக்கொரு குட்டான் பனங்கட்டி தந்து பார்த்தா. அவன் தட்டிவிட்டான்.

2017இல் அதே கண்டி வீதியால், எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனேன். மாத்தளையில் ஒரு தோட்டத்தில் கொக்கோ மரம் காட்டினார்கள். காய் கிளை நுனியில் இல்லை, அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கிறது. பிளந்தால் வெள்ளைச் சதைக்குள் முப்பது நாற்பது கொட்டைகள். வாயில் போட்ட பிள்ளைகள் கைப்பில் துப்பினார்கள். சதையோடு குவித்து மூடி, இடையிடையே கிளறி, ஐந்தாறு நாள் புளிக்க விட்டு வெயிலில் காயவைத்தால்தான் அந்தக் கைப்பு தணியும். சொக்லேட் மணத்துக்கான அடித்தளமும் அந்தப் புளிப்பில்தான் விழுகிறது.

மிச்சத்தைக் கண்டிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பார்த்தோம். வறுத்து, கோது நீக்கி, அரைக்கிறார்கள். கொட்டையில் பாதியளவு கொழுப்பு. அதனால் அரைபடும்போதே மாவாகாமல் குழம்பாகிவிடுகிறது. சீனியும் பால்மாவும் சேர்த்து, நாக்கில் மணல் தட்டாத அளவுக்கு நசித்து, மணிக்கணக்காகக் கிளறுகிறார்கள். 1879இல் சுவிற்சர்லாந்தின் ரொடோல்ஃப் லின்ட் கண்ட வழி அது.

நான் நின்றுவிட்டது அதற்கடுத்த இயந்திரத்தடியில். குழம்பை 45 பாகையில் உருக்கி, 27க்கு இறக்கி, திரும்ப 30க்கு ஏற்றுகிறார்கள். கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாக இறுகக் கூடியதாம். அதில் ஒரு விதந்தான் பளபளப்பாக, உடைத்தால் 'டக்'கென்று உடையும்படி இறுகும். இந்தச் சூட்டுக் கணக்கு தவறினால் மற்றவை முந்திவிடும்.

அங்கே விளங்கப்படுத்திய மாத்தளை இளைஞர் இரண்டு துண்டு காட்டினார். ஒன்று மினுங்கியது. மற்றதில் சாம்பல் வெள்ளை.

"இது பழுது இல்ல சேர். வெயில்ல உருகி, திரும்ப இறுகியிருக்கு. கொழுப்பு மேல வந்து பூத்திருக்கு, அவ்வளவுதான். தாராளமா சாப்பிடலாம்."

வாங்கிச் சாப்பிட்டேன். கொஞ்சம் நறநறத்தது. இனிப்பு இனிப்பாகவே இருந்தது. பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று கண்ணைத் துடைக்காமல் நின்றேன்.

34 பாகையில் உருகுகிற பொருளை, பளையின் தகரக் கூரைக்குக் கீழே பானை மணலை நம்பி வைத்திருந்தோம். இரவு அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் கதையே இல்லை. பிறகு, "பிள்ளையை அழ வைச்சிட்டன்" என்றா.

பஸ்ஸில் திரும்பும்போது ஆச்சி பனங்கட்டி காய்ச்சுகிற தாச்சிதான் கண்ணுக்குள் நின்றது. சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சி, கொதி அடங்கி நிறம் மாறும் நேரம், ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பா. கொஞ்சம் முந்தினால் இறுகாது, பிந்தினால் கருகிவிடும். வெப்பமானி கண்டவரில்லை. பதம் வந்ததும் ஓலைக் குட்டான்களில் வார்த்துவிடுவா. இயந்திரம் மூன்று சூட்டில் பிடிக்கிற பதத்தை ஆச்சி விரல் நுனியில் பிடித்தா. அதை நாங்கள் இல்லாமையின் இனிப்பு என்று நினைத்து வளர்ந்தோம்.

தம்பி இப்போது கனடாவில். போன தடவை வந்தபோது பெட்டி நிறையச் சொக்லேட். இறங்கியதும் கேட்டது பனங்கட்டிக் குட்டான். பளைச் சந்தியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் குளிர்ப்பெட்டிக்குள் கண்டோஸ் இருந்தது. குட்டான் ஒன்றுகூட இல்லை.

எங்கள் பனைகளில் எத்தனையோ பதுங்குகுழிக்குத் தறிபட்டன, எத்தனையோ செல்லடியில் தலை இழந்தன. நட்ட பனை பாளை தள்ளப் பதினைந்து வருடமாவது வேண்டும். மரம் நிற்கிற காணிகளிலும் ஏறுகிறவர்கள் அருகிவிட்டார்கள். காய்ச்சத் தெரிந்த கைகள் இன்னும் சில இருக்கின்றன. பளையால் போகிறவர்கள் சந்தியில் இறங்கி, ஒரு குட்டான் பனங்கட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றாலும் அடுத்த முறையும் கேளுங்கள். கேட்க ஆள் இருந்தால்தான் காய்ச்சுவார்கள்.