பாட்டிகூட ஏறினாங்க சார்!

'ஈஸி டு மாடரேட்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு சிலை வைக்க வேண்டும். சிலை 5,000 மீட்டருக்கு மேலே நிற்க வேண்டும். திறப்பு விழாவுக்கு அவர் நடந்தே வர வேண்டும்.

மலையேற்றப் பேக்கேஜ் விளம்பரங்களைச் சேர்த்து வைத்துப் படிப்பது என் கெட்ட பழக்கம். அவற்றில் எந்த மலையும் கடினமாக இருந்ததில்லை. சீட்டு காலியாக இருக்கும்வரை எல்லா மலையும் 'ஈஸி டு மாடரேட்'தான். எவராவது பாதி வழியில் சுருண்டு விழுந்தால் அன்றைக்கு மட்டும் மலை சட்டென்று கடினமாகிவிடும். "ஃபிட்னஸ் இல்லாம வந்தது எங்க தப்பா சார்?" மீன்காரரிடமே போய் மீன் நல்லா இருக்கா என்று கேட்கிற கதை இது.

கொஞ்சம் துருவிக் கேட்டால் கடைசி அஸ்திரம் வரும்: "போன பேட்ச்ல எழுபது வயசுப் பாட்டிகூட ஏறினாங்க சார்!" இந்தப் பாட்டியை நான் பல வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். வெள்ளியங்கிரியிலும் அவர்தான் ஏறினார், கேதார்காந்தாவிலும் அவர்தான், எவரெஸ்ட் பேஸ் கேம்ப்பிலும் அவர்தான். உண்மையாகவே ஏறியிருக்கலாம். ஐம்பது வருடம் வயலில் குனிந்து நிமிர்ந்த முதுகு, தலைச்சுமை பழகிய கழுத்து. ஓ.எம்.ஆர். நாற்காலியில் பத்து மணி நேரம் உறைந்து கிடக்கும் முப்பது வயது இடுப்புக்கு அந்தப் பாட்டியா அளவுகோல்?

எவரெஸ்ட் பேஸ் கேம்ப்பையே எடுத்துக்கொள்வோம். கயிறு வேண்டாம், பனிக்கோடரி வேண்டாம், நடந்தால் போதும் என்பார்கள். சரிதான். அங்கே நடப்பதைவிடப் படுப்பதுதான் சிக்கல். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், படுக்கும் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்த விதி. விமானம் இறக்கிவிடும் லுக்லா 2,860 மீட்டர். முதல் இரவு பாக்டிங், 2,610. மறுநாள் நாம்சே பஜார், 3,440. ஒரே நாளில் 830 மீட்டர் ஏற்றம்! அதனால்தான் நாம்சேயில் இரண்டு இரவு. பிறகு தெங்போச்சே 3,860, திங்போச்சே 4,410. அங்கே மறுபடியும் இரண்டு இரவு. லோபுச்சே 4,940, கோரக் ஷெப் 5,164, கடைசியில் பேஸ் கேம்ப் 5,364. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. லுக்லாவிலிருந்து போய்வரக் கிட்டத்தட்ட பன்னிரண்டு நாள்.

ஆனால் நம் ஆளுக்கு லீவு ஒன்பது நாள். இரண்டு சனி ஞாயிறு, நடுவே ஐந்து நாள். மேனேஜரே ஒத்துக்கொண்ட பிறகு மலை எப்படி மறுக்கலாம்? விற்பவர் கத்திரியை எடுக்கிறார். நடக்கிற நாளில் கைவைக்க முடியாது, தூரம் குறையாது. கைவைப்பது நாம்சேயிலும் திங்போச்சேயிலும் 'சும்மா' இருக்கிற நாட்களில். "எங்க பிளான்ல வேஸ்ட் டே கிடையாது சார்!" நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்துக்கொள்ளாமலிருக்க ஒதுக்கிய நாளுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'வேஸ்ட்'. மேகம் இறங்கினால் லுக்லாவுக்கு விமானம் பறக்காது. ஓடுபாதை 527 மீட்டர்தான், அதுவும் சரிவில். அதற்காகக் கையிருப்பில் வைக்க வேண்டிய ஒன்றிரண்டு நாளும் அந்தக் கத்திரிக்கே போச்சு.

விழுந்தால் என்ன, ஹெலிகாப்டர் இருக்கிறதே! இருக்கிறது. தேவையில்லாதவர்களையும் ஹெலிகாப்டரில் இறக்கிக் காப்பீட்டு நிறுவனங்களிடம் பணம் கறந்த கூட்டத்தை 2018இல் நேபாள அரசின் விசாரணையே அம்பலப்படுத்தியது. மலையேற்ற ஏஜென்சி, ஹெலிகாப்டர் கம்பெனி, மருத்துவமனை என்று எல்லா இடத்திலும் அதற்குப் பங்காளிகள் இருந்தார்கள். ஏற்றிவிடவும் கமிஷன், இறக்கிவிடவும் கமிஷன்.

வாங்குகிற நாம் மட்டும் யோக்கியமா? பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஷூ வாங்கியாயிற்று. அதைப் போட்டுக்கொண்டு நடந்த தூரம் கடை வாசலிலிருந்து கார்வரை. ஆபீஸ் நாலாவது மாடியில், போவது லிஃப்டில். சிலர் ஜிம்முக்குப் போய்ப் புஜத்தைத் தேற்றுகிறார்கள். உயர நோய் புஜத்தைப் பார்த்துப் பயப்படாது. எல்லாரையும் முந்திக் காட்டுகிற கட்டுமஸ்தான பையன்தான் அதற்கு வாகாக மாட்டுகிறான். நாலு மாதம் முன்பிருந்தே எட்டு கிலோ பையோடு மாடிப்படி ஏறுங்கள், ஏறுவதைவிட இறங்கிப் பழகுங்கள், முட்டி கதறுவது இறக்கத்தில்தான் என்று சொன்னால் கேட்கிறார்கள்: "டயமாக்ஸ் போட்டா போதும்ல?" அது மருத்துவரைக் கேட்டுப் போட வேண்டிய மாத்திரை. உயரத்துக்கு உடம்பு பழகுவதைக் கொஞ்சம் துரிதப்படுத்தும், வெட்டிய இரவுகளைத் திருப்பித் தராது. தலைவலியும் குமட்டலும் இருந்தால் மேலே ஏறாதே, கால் தள்ளாடினால் நடுராத்திரியானாலும் கீழே இறங்கு. பேஸ் கேம்ப் பாதையிலுள்ள ஃபெரிச்சேயில் தன்னார்வ மருத்துவர்கள் இதை வழிப்போக்கர்களுக்குச் சொல்லிக்கொண்டேயிருக்கிறார்கள். நம் ஆளோ தலைவலியை மறைத்துக்கொண்டு ஸ்டேட்டஸ் போடுகிறான்.

அதுசரி, 'மாடரேட்' என்பது யாருக்கு? ஒருவர் முதுகில் 30 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள் என்று போர்ட்டர்களுக்காகப் பேசுகிறவர்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். நெற்றிப்பட்டையில் தொங்கும் அந்தச் சுமைக்குள் நம் ட்ரோன், ட்ரைபாட், மூன்று பவர் பேங்க், ஒரு பாட்டில் ஆவக்காய் ஊறுகாய். அவர் பெயர் என்ன என்று கேட்டவர்கள் கை தூக்குங்கள்.

வானத்துக்கு யாரும் கிரேடு போடுவதில்லை. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹுட்ஹுட் புயலின் மிச்சம், இரண்டு நாள் கழித்து அன்னபூர்ணா பாதையில் 5,416 மீட்டர் உயரத் தொராங் கணவாயில் பனியாகக் கொட்டியது. அந்தப் பனிப்புயலில் 43 பேர் செத்தார்கள். டீக்கடை டிவிகூடச் சொல்லிக்கொண்டிருந்த புயல் அது. 2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்திர தாலில் 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் சிக்கி 9 பேரை இழந்தது. பாதை அதே பாதைதான், அன்றைக்கு வானம் வேறு.

உயரம் இருந்தால்தானே ஆபத்து என்கிறீர்களா? குரங்கணிக்குப் போய்க் கேளுங்கள். 2018 மார்ச் 11. மூச்சு முட்டும் உயரமில்லை, பனியில்லை. பக்கத்திலேயே கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம். காய்ந்த புல், கோடைக் காற்று, ஓடித் தப்ப முடியாத சரிவு. காட்டுத்தீயில் 23 பேர் போனார்கள். காட்டுத்தீ மாதத்தில் காட்டுக்குள் போகக்கூடாது என்பதை ஆடு மேய்க்கிறவர் சொல்லியிருப்பார். அவரிடம் யார் கேட்டது? வார இறுதிதானே நல்ல நேரம் குறித்தது! 2024இல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று அரசே 40 பாதைகளைத் திறந்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து வைத்திருக்கிறது. தீப் பருவத்தில் நிறுத்தியும் வைக்கிறது. அந்த ஞானத்துக்கு நாம் கொடுத்த விலை 23 உயிர்.

அடுத்த முறை 'ஈஸி டு மாடரேட்' என்று எவராவது ஆரம்பித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். ஒவ்வோர் இரவும் எத்தனை மீட்டரில் படுக்கிறோம்? எனக்கு முடியாமல் போனால் என்னோடு கீழே இறங்கத் தனியாக ஒரு வழிகாட்டி இருக்கிறாரா? திரும்பிவிடலாம் என்று முடிவெடுப்பவர் மலையில் இருக்கிறாரா, சென்னை ஆபீஸில் இருக்கிறாரா? பதிலுக்குப் பதில் போன பேட்ச் வீடியோவை அனுப்பினார் என்றால், ஜி-பேயைத் திறக்காதீர்கள்.